விளிம்பு வரை ஊற்றிய தேநீர்

அக்டோபர் 10, வெள்ளி. இன்றைய தவறு: ஷேர் டாக்ஸியில் கதவோர இருக்கையைக் கேட்டு வாங்கவில்லை. கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

சைகாலின் குறிப்பேட்டில் அன்றைக்கு இவ்வளவுதான் இருந்தது. பிஷ்கேக்கில் பகல் முழுக்கத் தையல் பட்டறையில் துணி வெட்டுகிறவள் அவள். மாலையில் அளவு வரையும் வகுப்பு. வகுப்பு ஆசிரியைக்கு ஒரு பிடிவாதம்... தினமும் அன்றைய தவறு ஒன்றையும் மறுநாள் வேலை ஒன்றையும் எழுதியே ஆக வேண்டும். மற்ற பெண்கள் "தையல் கோணல்" என்று ஒரே வரியை வாரம் முழுக்க எழுதித் தப்பித்துக்கொண்டார்கள். சைகால் மட்டும் உண்மையிலேயே உட்கார்ந்து யோசித்தாள். எழுதி முடித்த பிறகும், இது தவறுதானா, இதைவிடப் பெரியது எதுவும் விட்டுப்போய்விட்டதா என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஒன்று விட்டுத்தான் போயிருந்தது. அது தவறா இல்லையா என்று தெரியாததால் அவள் எழுதவில்லை...

அவனுடைய கண்கள்.

டோக்மோக் தாண்டியதுமே மழை பிடித்துக்கொண்டது. இசிக்குல் ஏரியின் தென்கரையில் இருக்கும் அக்காவின் வீட்டுக்குப் போகிற பயணம். முன்னிருக்கையில் சந்தையிலிருந்து திரும்பும் ஒரு பெண்மணி, மடியில் இரண்டு மூட்டைகள். பின்னால் இடப்பக்கம் ஒரு சிப்பாய், ஏறியதும் தூங்கிவிட்டான். வலப்பக்கம் ஒரு இளைஞன். நெட்டையானவன், முழங்கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கி வைத்து, அதன் மேல் ஒரு பனிப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான்.

பூம் கணவாய்க்குள் கார் நுழைந்தபோது அடிவயிற்றில் அது தொடங்கியது. இஸ்திரிப்பெட்டியின் நுனியை உள்ளே வைத்துவிட்டு எடுக்க மறந்தது போல. சிறுநீர்ப்பை கொஞ்சம் நிறைந்தாலே அந்தச் சூடு பரவும். போய்விட்டு வந்தால் சற்று அடங்கும். பிறகு மறுபடி. எத்தனையோ முறை பரிசோதித்தாகிவிட்டது. கிருமி இல்லை, கல் இல்லை, கட்டி இல்லை. "எதனால வருதுன்னு எங்களுக்குத் தெரியாதும்மா" என்று ஒரே ஒரு மருத்துவர்தான் நேராகச் சொன்னார். அவரைத்தான் அவளுக்குப் பிடித்தது. அவரிடம்தான் இன்றுவரை போகிறாள்.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள் சைகால்.

"இப்பதானே தங்கச்சி டோக்மோக்ல நிறுத்துனேன்?" ஓட்டுநர் கண்ணாடியில் அவளை முறைத்தார்.

"அது அப்போ. இது இப்போ."

"மழைய பாரு. மேலேருந்து கல்லு உருளுற எடம் இது. அடுத்த ஊரு பலிக்சி, அது வரைக்கும் தாங்கிக்க."

முன்னிருக்கைப் பெண்மணி திரும்பாமலே தீர்ப்புச் சொன்னார்: "சின்ன வயசுல குளிர்ந்த கல்லு மேல உக்காந்திருப்பா. எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணும் இப்படித்தான். சொன்னா எங்க கேக்குதுங்க."

சைகால் பல்லைக் கடித்தாள். குளிர்ந்த கல்... நோவு வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் அவளை ஏதோ ஒரு கல்லின் மேல் உட்கார வைத்துவிட்டுத்தான் ஓய்கிறார்கள்.

அப்போது வலப்பக்கத்திலிருந்து ஒரு முனகல்.

"அண்ணே... எனக்கு வயித்தக் கலக்குது. இப்பவே நிறுத்தலன்னா உங்க சீட்டுக்கு நான் பொறுப்பில்ல."

கார் உடனே ஓரம் கட்டியது.

பாறை மறைவிலிருந்து அவள் திரும்பி வந்தபோது அவன் மழையில் நின்றுகொண்டிருந்தான். மேல்சட்டையைப் பனிப்பெட்டியின் மேல் போர்த்திவிட்டுத் தான் நனைந்துகொண்டிருந்தான். முகத்தில் நோயின் அடையாளமே இல்லை. ஈரமான இமைகளுக்குக் கீழே தேன் நிறக் கண்கள்... சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த கண்கள்.

"வயிறு சரியாயிடுச்சா?" என்றாள்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. உங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னேன்."

அவன் நன்றியை எதிர்பார்த்தான் என்பது தெரிந்தது. அதுதான் அவளைக் கிளப்பிவிட்டது.

"உங்கள யாரு கேட்டா?"

"இல்ல... உங்களுக்குக் கூச்சமா இருக்குமேன்னு..."

"எனக்குக் கூச்சமே இல்ல. நீங்களா ஒண்ண உண்டாக்கி என் தலையில கட்டாதீங்க."

காரில் ஏறியதும், அவன் கதவைச் சாத்துவதற்கு முன்பே அவள் சொன்னாள், எல்லாருக்கும் கேட்கும்படி: "அண்ணே, இவருக்கு வயிறு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் சிறுநீர்ப்பையில நோவு. கல்லு மேல உக்காந்து வந்ததில்ல. பலிக்சிக்கு முன்னாடி இன்னொரு தடவ கேப்பேன். நிறுத்துவீங்களா, இல்ல இங்கயே எறங்கிக்கட்டுமா?"

சிப்பாய்கூட விழித்துக்கொண்டான். ஓட்டுநர் இருமினார். "நிறுத்துறேன் தாயி. யாரு மாட்டேன்னா."

கார் நகர்ந்தது. மழை கண்ணாடியில் கோடு கோடாக இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்திலிருந்து மெல்லிய குரல்:

"நான் மாட்டு டாக்டர். பேரு பெக்துர். பெட்டியில இருக்கறது தடுப்பூசி. உங்க நோவு ஒரு ஆட்டுக்கு வந்திருந்தா ஏதாவது உபயோகமா செஞ்சிருப்பேன். மனுசங்ககிட்ட எனக்குச் சரியா வராது."

சிரிக்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். அந்த ஜன்னல் அவன் பக்கத்து ஜன்னல். இரண்டு பேர் கண்களும் கண்ணாடியிலேயே சந்தித்துக்கொண்டன...

குளிர்காலம் முழுக்க அவன் மாதம் ஒருமுறை தடுப்பூசி வாங்க பிஷ்கேக் வந்தான். வந்தவன் பட்டறை வாசலில் காத்திருந்தான். பட்டறைப் பெண்கள் ஜன்னலில் முண்டியடித்தார்கள். "ஏய் சைகால், உன் மாட்டு டாக்டர் வந்திருக்காரு. எங்களுக்கும் ஒரு ஊசி போடச் சொல்லு."

டீக்கடையில் அவள் வழக்கம்போல வெந்நீர் கேட்டாள். புளிப்பு, தேயிலை, தக்காளி எல்லாம் உள்ளே போனால் அன்றைய இரவு போயிற்று.

"எனக்கும் வெந்நீர்," என்றான் பெக்துர்.

"உங்களுக்கு எதுக்கு?"

"நீங்க வெந்நீர் குடிக்கும்போது நான் மட்டும் எலுமிச்ச டீ குடிச்சா நல்லாவா இருக்கும்?"

"நல்லாத்தான் இருக்கும். எலுமிச்ச வாசன எனக்குப் பிடிக்கும். நீங்க குடிங்க, நான் மோந்துக்கறேன்."

அவன் ஒரு வினாடி பார்த்தான். பிறகு எலுமிச்சைத் துண்டு மிதக்கும் கிண்ணத்தை அவள் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே எடுத்துக் குடித்தான்.

சினிமாவுக்குப் போனால் அவள் நடுவில் எழுந்து எழுந்து போவாள். திரும்பியதும் விட்டுப்போன கதையை அவன் காதோரம் சொல்வான். பாதி பொய்.

"அவ புருஷன் செத்துட்டான்."

"அதோ நிக்கிறானே."

"அது அவன் தம்பி. ரெட்டப் பிறவி."

"படம் பாக்க விடு பெக்துர்."

'நீங்க' எப்போது 'நீ' ஆயிற்று என்று இருவருமே கவனிக்கவில்லை. எதனால் வந்தது என்று மட்டும் அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. "இன்னிக்கி எப்படி இருக்கு?" என்பான். மோசம் என்றால் மோசம். அவ்வளவுதான். சைகால் அறைக்குத் திரும்பியதும் யோசிப்பாள்... இது எனக்குக் கிடைக்கக்கூடியதா? எங்கோ நான் தப்பாக அளந்துவிட்டேனா?

ஏப்ரலில், அவன் அண்ணன் மகன் நடக்கத் தொடங்கியதற்கு விருந்து வைத்தார்கள். குழந்தையின் காலில் கட்டிய நூலை அறுக்கும் நாள். அவன் வீட்டுக்கும் சைகாலின் அக்கா நாசிராவுக்கும் ஒரே ஊர்தானே. அழைப்பு அவளுக்கும் வந்தது, தங்கைக்கும் வந்தது. எதற்கு வந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

"அம்மா உன்னப் பாக்கணும்னு சொல்றாங்க," என்று போனில் சொன்னான் பெக்துர்.

"என் நோவு தெரியுமா அவங்களுக்கு?"

"சொல்லிட்டேன்."

அவள் நிம்மதியாகப் புறப்பட்டாள்.

நூல் அறுத்து, பிள்ளைகள் ஓடி, இறைச்சி சாப்பிட்டு முடிந்ததும் உள்ளறையில் தேநீருக்கு விரித்தார்கள். பெரிய மருமகள் குழந்தையின் பின்னாலேயே அலைந்துகொண்டிருந்தாள். பெக்துரின் அம்மா குல்பாரா, நிமிர்ந்த முதுகும் வெள்ளைத் தலைத்துணியுமாக, சைகாலைப் பார்த்துச் சொன்னார்:

"நீ கொஞ்சம் டீ ஊத்தும்மா."

நாசிரா அக்காவின் கண்கள் விரிந்தன. சமோவார் என்னும் தேநீர்க் கொதிகலனுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது சும்மா இல்லை. சொந்தபந்தம் அத்தனை பேரும் அந்தக் கைகளைப் பார்ப்பார்கள். கிண்ணத்தில் பாதிக்கும் கீழேதான் ஊற்ற வேண்டும், அதுதான் மரியாதை. நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதால் கிண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். பெரியவர்கள் கையேந்தி ஆசி சொல்லி முடிக்கும் வரை ஊற்றுகிறவள் எழுந்திருக்கக் கூடாது.

சைகால் அழகாகத்தான் ஊற்றினாள். துணி வெட்டும் கை. ஒரு சொட்டு சிந்தவில்லை. தலைமை இடத்தில் உட்கார்ந்திருந்த அசனாலி, பெக்துரின் பெரியப்பா, மூன்றாம் கிண்ணத்தில் தலையசைத்தார். எதிரில் பெக்துர் பெருமை தாங்காமல் பொரித்த ரொட்டியை மென்றுகொண்டிருந்தான்.

குல்பாரா அவள் காதருகே குனிந்தார். "நல்ல கை உனக்கு. பெக்துர் சொன்னான், அடிவயித்துல குளிர் புடிச்சிருக்காமே. கோடை வந்தா சரியாயிடும்னு டாக்டர் சொல்லிட்டாராமே. இனிமே கல்லு மேல உக்காராத, என்ன."

சைகாலின் கை நின்றது.

குளிர். கோடை. கல்...

அவள் பெக்துரைப் பார்த்தாள். அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டான். அந்தத் தேன் நிறக் கண்கள் முதல்முறையாக அவளைப் பார்க்காமல் தரைவிரிப்பைப் பார்த்தன.

உள்ளே இஸ்திரிப்பெட்டி எப்போதோ வைக்கப்பட்டிருந்தது. இவ்வளவு நேரம் தாங்கியது அவனுக்காக. இப்போது யாருக்காகத் தாங்குவது? குல்பாரா சொன்னதற்குத் தலையாட்டினால் போதும். கோடை வரை அது உண்மையாகவே இருக்கும். நல்ல வீடு. நல்ல மனிதர்கள். ஒரு தலையாட்டல்...

அசனாலி பெரியப்பா காலிக் கிண்ணத்தை நீட்டினார். சைகால் எழுந்து நின்றாள்.

"மன்னிச்சிடுங்க பெரியவரே. நான் வெளிய போயிட்டு வரணும். எனக்குச் சிறுநீர்ப்பையில நோவு. குளிர் இல்ல. கோடையில சரியாவும்னு எந்த டாக்டரும் சொல்லல. ஏன் வந்ததுன்னு யாருக்கும் தெரியாது. வாழ்நாள் பூரா இருக்கலாம்."

கிண்ணம் காற்றில் நின்றது. யாரோ ஒரு பெண் "அடி ஆத்தி" என்று முணுமுணுத்தாள்.

குல்பாராவின் முகம் சிவந்தது. "உக்காரு. இவனப் பெத்த அன்னிக்கி, பனிக்குடம் உடைஞ்சு பாவாட நனைஞ்சப்புறமும் இதே எடத்துல உக்காந்து ஊத்தினவ நான். ஆசி சொல்லி முடிக்கற வரைக்கும் எழுந்திரிக்கல. இந்த ஊர்ல கேட்டுப் பாரு."

"அது உங்க பெருமைம்மா," என்றாள் சைகால். தலை குனியவில்லை. "நடிக்காம எழுந்து போறது என்னோட பெருமை."

முற்றத்தின் கோடிக்கு ஓடினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆப்ரிகாட் மரங்கள் பூத்து, நனைந்து, தரையெல்லாம் வெள்ளையாக உதிர்த்திருந்தன. கழிப்பறையின் பலகைக் கதவுக்குப் பின்னால் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். சரியாகத்தான் பேசினேனா? பெரியவர் முன்னால் இன்னும் கொஞ்சம் பணிவாகச் சொல்லியிருக்கலாமோ? இல்லை... இதைவிடப் பணிவாக இதைச் சொல்ல முடியாது.

மேல்சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று திரும்பி வந்தாள். அறைவாசலில் கால் நின்றுவிட்டது.

சமோவாருக்குப் பக்கத்தில், அவள் இடத்தில், பெக்துர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். அந்த நீளக் கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டு, ஆட்டுக்கு மருந்து புகட்டுகிறவன் போல இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

விளிம்பு வரை ஊற்றினான்.

"என்னடா இது?" அசனாலி பெரியப்பா கிண்ணத்தைப் பார்த்தார். "எங்கள எழுந்து போகச் சொல்றியா?"

"முதக் கிண்ணம் தெரியாம ஊத்திட்டேன் பெரியப்பா. எனக்குப் பழக்கமில்ல."

"அப்ப இந்த ரெண்டாவது?"

"தெரிஞ்சேதான்."

கிண்ணத்தின் விளிம்பில் தேநீர் நடுங்கியது.

"அம்மாகிட்டப் பொய் சொன்னது நான்," என்றான் பெக்துர். "குளிர்னு சொன்னேன், கோடைன்னு சொன்னேன். அவளுக்கு இது தெரியாது. அவ என்னிக்குமே இத மறைச்சதில்ல. கார்ல முன்னப்பின்ன தெரியாதவங்க முன்னாடியே சொன்னவ. நான்தான் பயந்துட்டேன். இப்ப அவளப் பத்தி யாருக்காவது ஏதாவது பேசணும்னா... டீ நெறையவே ஊத்தியிருக்கேன்."

அசனாலி பெரியப்பா கிண்ணத்தை எடுத்தார். ஊதி ஊதி, அவசரமே இல்லாமல், அடி தெரியும் வரை குடித்தார். எல்லாரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

"நான் கெளம்பல. பாதி ஊத்து. இந்த வயசுலயாவது கத்துக்க."

யாரோ சிரித்தார்கள். யாரோ சிரிக்கவில்லை. குல்பாரா எழுந்து வெளியே வந்தார். வாசலில் சைகாலைப் பார்த்ததும் நின்றார். இரண்டு பேரும் ஒரே உயரம்.

"கெளம்பறியா?"

"ஆமாம்மா. பிஷ்கேக் கார் காத்திருக்கு."

குல்பாரா உள்ளே கை நீட்டி ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டு நீட்டினார். "வாய் வெச்சிட்டுப் போ. என் வீட்டுலேருந்து யாரும் வெறும் வாயோட போனதில்ல."

சைகால் ஒரு துணுக்கு மென்றாள்.

"எனக்குக் கோவம் போகல," என்றார் குல்பாரா.

"எனக்கும் போகலம்மா."

கிழவி இல்லை, இளையவளும் இல்லை. நடுவயதில் நிமிர்ந்து நின்ற அந்தப் பெண்ணின் உதடு ஒரு பக்கமாகக் கொஞ்சம் அசைந்தது. "அன்னிக்கி எனக்கு உயிரே போயிடுச்சு, தெரியுமா," என்றார் தணிந்த குரலில். "நான் எழுந்திரிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னிக்கித்தான் பாத்தேன். ஒண்ணும் ஆகல." பதிலுக்குக் காத்திராமல் சமையலறைப் பக்கம் போய்விட்டார்.

வெளிக்கதவருகே பெக்துர் ஓடி வந்தான். முழங்கையெல்லாம் தேநீர்.

"சைகால், நில்லு."

"பேசாத."

"பேசத்தான் வந்தேன்."

"என்ன சொன்ன போன்ல? சொல்லிட்டேன்னு சொன்ன. உங்கம்மாவ என்னப் பாக்க வெச்சியா, இல்ல நீ செஞ்சு வெச்ச வேற எவளையோ பாக்க வெச்சியா?"

அவன் மழையிலேயே நின்றான். "மொதல்ல உன்னப் பாத்துடட்டும், பாத்தா பிடிச்சுடும், அப்புறம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். கோழத்தனம். உன்ன நெனச்சு எனக்கு ஒரு நாளும் வெக்கமா இருந்ததில்ல. இன்னிக்கி என்ன நெனச்சுத்தான் இருந்துச்சு. நீ எழுந்து நின்னப்ப..." தலையைத் தேய்த்துக்கொண்டான். "அந்த ரூம்லயே நீ ஒருத்திதான் நிமிந்து நின்ன. உன் பக்கத்துல நிக்கற தகுதி எனக்கு இருக்கான்னு தெரியல. ஆனா நிக்கணும். அவ்வளவுதான். உன்ன எனக்கு... ரொம்பப் பிடிச்சிருக்கு சைகால். நோவு போனப்புறம் வர்ற உன்ன இல்ல. இப்ப இருக்கற உன்ன."

சைகால் அவனைப் பார்த்தாள். இமைகளில் மழை, ஒரு காதில் ஒட்டிய ஆப்ரிகாட் இதழ். கோபம் இன்னும் அங்கேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில் வேறொன்றும் இருந்தது... அதை அவள் வெகுநாளாகவே அளந்து பார்த்து, அளவு தப்பு, அளவு தப்பு என்று அழித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் பிடிச்சிருக்கு," என்றாள். "அதுக்காக மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத."

"இல்ல."

"இன்னொரு தடவ எனக்காகப் பொய் சொன்னா, அதோட சரி."

"சரி."

"நாளைக்கு எனக்கு ஆஸ்பத்திரி. உள்ள குழாய் விட்டு மருந்து ஏத்துவாங்க. பாக்க நல்லா இருக்காது."

"நான் பசுமாட்டுக்குக் கன்னு எடுத்துவிடறவன்."

"என்ன மாட்டோட சேக்கற."

"மாட்ட நான் ரொம்ப மதிக்கறவன்."

இந்த முறை அவள் ஜன்னலைத் தேடவில்லை. நேராகப் பார்த்தே சிரித்தாள். அவன் காதிலிருந்த இதழை விரலால் எடுத்தாள்... எடுத்ததை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். தெருமுனையில் காரின் ஹாரன் ஒலித்தது. பெக்துர் வீட்டுக்குள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவளோடு நடந்தான்.

ஏப்ரல் 19, ஞாயிறு. இன்றைய தவறு: பெரியவர் நீட்டிய கிண்ணத்தை வாங்காமலே எழுந்துவிட்டேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது.

நாளை: காலை எட்டரைக்கு மருத்துவமனை, சிறுநீர்ப்பைக்கு மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். பெக்துர் கூட வருகிறான். மருத்துவரிடம் அவனை யார் என்று சொல்வது என இன்றிரவே முடிவு செய்ய வேண்டும்.